ஒரே கியர் வண்டி

பொள்ளாச்சி - வால்பாறை ரோட்டில் நாற்பது கொண்டை ஊசி வளைவு இருப்பது நம் ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். சேரன் போக்குவரத்துக் கழகம் என்று பெயர் இருந்த காலத்தில் டிப்போவில் மெக்கானிக்காகச் சேர்ந்து, 36 வருஷம் அந்த மலை ஏறி இறங்கும் பஸ்களைப் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். அந்தக் கதைகளை இங்கே நிறைய எழுதியாகிவிட்டது. இன்றைக்கு எழுதப் போவது தண்ணீரில் ஓடும் வண்டியைப் பற்றி. படகுக்கும் உனக்கும் என்னப்பா சம்பந்தம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆழியாறு அணையில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு தடவை படகு சவாரி போனதுதான் அதுவரைக்கும் என் கடல் அனுபவம்.

2018 கோடையில் நானும் வீட்டம்மாவும் மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தோம். ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்கு வடக்கே கம்மிங் என்று ஓர் ஊர். பக்கத்திலேயே லேனியர் ஏரி. ஏரி என்று சொன்னாலும் அது நம் ஆழியாறு மாதிரி அணை கட்டித் தேக்கிய தண்ணீர்தான். சட்டஹூச்சி ஆற்றின் குறுக்கே 1950களில் அந்த நாட்டு ராணுவப் பொறியாளர் படை கட்டிய பியூஃபோர்டு அணை. மலைச் சரிவுகள் மூழ்கி உண்டான ஏரி என்பதால் கையும் விரலுமாகக் கிளை பிரிந்து கிடக்கிறது. பரப்பு 38,000 ஏக்கர் அளவுக்கு வரும்.

மாப்பிள்ளை அந்த வருஷம்தான் ஒரு படகு வாங்கியிருந்தார். பான்டூன் என்கிறார்கள். நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், தெப்பம். கோயில் குளத்தில் பீப்பாய்களைக் கட்டி மேலே பலகை போட்டுத் தெப்பம் விடுவார்கள் இல்லையா, அதே சங்கதிதான். பீப்பாய்க்குப் பதில் இரண்டு நீளமான அலுமினியக் குழாய், அதன் மேல் தட்டையான தளம், சுற்றிலும் கைப்பிடிக் கம்பி, சோபா மாதிரி இருக்கைகள், மேலே ஒரு துணிக் கூரை. பின்னால் 60 குதிரைசக்தி அவுட்போர்டு என்ஜின். 22 அடி நீளம். பதினொரு பேர் வரைக்கும் ஏறலாம் என்று உள்ளே ஒரு தகட்டில் எழுதியிருந்தது. வயதான ஒரு தம்பதி வைத்திருந்த பழைய படகு. பளபளவென்று துடைத்துப் பராமரித்திருந்தார்கள்.

முதல் நாள் நாங்கள் ஆறு பேர் போனோம். கரையை விட்டு விலகி மாப்பிள்ளை வேகத்தைக் கூட்டினார். கைப்பிடியை முழுக்கத் தள்ளியும் என்ஜின் சத்தம் மேலே ஏறவில்லை. ‘ம்ம்ம்ம்’ என்று அடித்தொண்டையில் இழுத்துக்கொண்டே இருந்தது. எனக்கு அந்தச் சத்தம் பழக்கமானது. ஞாயிற்றுக்கிழமை சந்தை முடிந்து எஸ்டேட் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு நிரம்பிய வண்டியை, கியரைக் குறைக்காமல் டாப்பிலேயே மலையேற்றும் புது டிரைவர் கையில் என்ஜின் இப்படித்தான் முனகும். மீட்டரைப் பார்த்தேன். நிமிஷத்துக்கு 4,800 சுற்று. முழுக்கத் திறந்த நிலையில் இந்த என்ஜின் 5,000-க்கும் 6,000-க்கும் நடுவில் சுற்ற வேண்டும் என்று கையேட்டில் போட்டிருந்தது. உட்கார்ந்த இடத்தில் பொழுது போகாமல் அதை எடுத்துப் புரட்டியிருந்தேன்.

வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளை வீடு, மாப்பிள்ளை படகு. அவர் கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலையில் இருப்பவர். போன இடத்தில் மாமனார் குறை கண்டுபிடித்தால் நன்றாகவா இருக்கும்? சின்னப் பேத்தி மட்டும் கேட்டாள்: “அப்பிச்சி, நம்ம போட் ஏன் அழுவுது?” நான் சிரித்து மழுப்பிவிட்டேன்.

ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை. மாப்பிள்ளையின் நண்பர் குடும்பமும் வந்தது. பெரியவர்கள் ஆறு, பிள்ளைகள் நாலு, ஆகப் பத்துப் பேர். ஐஸ் பெட்டி, சாப்பாட்டுக் கூடை, பிள்ளைகள் மிதக்கும் ரப்பர் வளையம். டேங்க் நிறையப் பெட்ரோல். தகட்டில் எழுதிய கணக்குக்கு உள்ளேதான். ஆனாலும் எல்லாம் சேர்ந்து அறுநூறு கிலோவுக்குக் குறையாது. புறப்பட்ட இடத்திலிருந்து எட்டு மைல் தள்ளி ஒரு கிளையில் நிறுத்தி, பிள்ளைகள் குளித்து, எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டு முடிப்பதற்குள் மணி மூன்றாகிவிட்டது.

அந்தப் பக்கத்தில் கோடைக்காலத்துச் சாயங்காலம் இடி மழை சகஜம். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. உடனே கிளம்பினோம். எதிர்க்காற்று. இந்த வகைப் படகு தண்ணீருக்கு மேலே பெட்டி மாதிரி நிற்பதால் காற்று முழுக்க அதன் மேல்தான் மோதும். துணிக் கூரையை மடக்கி வைத்தோம். மாப்பிள்ளை கைப்பிடியைக் கடைசி வரைக்கும் தள்ளினார். மீட்டர் 4,300-ஐத் தாண்டவில்லை. வேகம் பதினொரு மைல். எட்டு மைல் தூரத்துக்கு முக்கால் மணி நேரம். பக்கத்தில் போன படகுகள் எல்லாம் எங்களைத் தாண்டிப் பறந்தன. பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் எல்லாரும் மிதவைச் சட்டை போட்டிருந்தார்கள். அங்கே 13 வயதுக்குக் கீழ் இருந்தால், ஓடும் படகில் அது கட்டாயம். பெரியவர்களும் எடுத்து மாட்டிக்கொண்டோம். ஒவ்வொரு மின்னலுக்கும் நண்பரின் மனைவி கண்ணை மூடிக்கொண்டார். நான் மட்டும் பின்னால் உட்கார்ந்து என்ஜின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். நின்றுவிடாதே அப்பா, நின்றுவிடாதே என்று.

நிற்கவில்லை. கரை சேர்ந்து, கயிறு கட்டி, எல்லாரும் காருக்குள் ஏறிய பிறகுதான் பெரிய இடி விழுந்தது. ஸ்டியரிங்கில் வைத்த மாப்பிள்ளையின் கை நடுங்கியதைப் பார்த்தேன்.

ராத்திரி வீட்டம்மா கேட்டாள்: “ஏனுங்க, அந்த என்ஜின் சத்தம் சரியில்லைன்னு முதல் நாளே உங்களுக்குத் தெரியுமில்ல? உங்க மொகத்தைப் பார்த்தேன்.”

“தெரியும்.”

“முப்பத்தாறு வருசம் ஊரான் ஏறுற வண்டியைப் பார்த்துப் பார்த்து அனுப்புனீங்க. பேத்தி ஏறுற வண்டிக்கு வாயைத் தொறக்க மாட்டீங்களா?”

பதில் சொல்ல முடியவில்லை. டிப்போவில் இருந்த வரைக்கும், டிரைவர் எவ்வளவு பெரிய கோபக்காரராக இருந்தாலும் பிரேக் சரியில்லை என்றால் வண்டியை வெளியே விட்டதில்லை. இங்கே மரியாதை என்று நினைத்து நான் காத்தது என் கௌரவத்தைத்தான்.

மறுநாள் காலையில் காபி குடிக்கும்போது மெதுவாக ஆரம்பித்தேன். “மாப்ள, தப்பா நினைக்காதீங்க. அந்த என்ஜின்ல கோளாறு இல்லீங்க. அதுக்கு மாட்டியிருக்கிற விசிறிதான் நமக்குப் பொருந்தல.”

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “நேத்தே சொல்லியிருக்கலாமே மாமா” என்றார். முதல் நாளே தெரியும் என்பதை அப்போது சொல்லத் தைரியம் வரவில்லை. பிறகு சொன்னேன்.

அவருக்கு நான் விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறேன். புரொப்பெல்லரின் குடத்தில் இரண்டு எண்கள் அடித்திருக்கும். எங்கள் படகில் 14, 13 என்று இருந்தது. முதல் எண் விசிறியின் விட்டம், அங்குலத்தில். இரண்டாவது எண்தான் பிட்ச். ஒரு போல்ட்டை நட்டில் திருகினால் ஒரு சுற்றுக்கு ஒரு மரை அளவு உள்ளே போகும் அல்லவா? அதே மாதிரி விசிறி ஒரு முழுச் சுற்று சுற்றினால் கணக்குப்படி எத்தனை அங்குலம் முன்னே போக வேண்டும் என்பதுதான் பிட்ச். 13 என்றால் ஒரு சுற்றுக்கு 13 அங்குலம். தண்ணீர் இரும்பு நட்டு இல்லை, வழுக்கும். அதனால் நிஜத்தில் அவ்வளவு தூரம் போகாது. அந்தக் குறைவுக்கு ஸ்லிப் என்று பெயர்.

பஸ்ஸில் ஐந்து கியர் இருக்கிறது. மலை வந்தால் இரண்டாவதுக்கு இறக்கலாம். சமவெளி வந்தால் டாப் போடலாம். அவுட்போர்டில் முன்னே, பின்னே, நியூட்ரல், அவ்வளவுதான். முன்னே போக ஒரே ஒரு கியர். அந்தக் கியர் எது என்பதைத் தீர்மானிப்பது விசிறியின் பிட்ச். பெரிய பிட்ச் டாப் கியர் மாதிரி. படகு லேசாக இருந்தால் ஓடும், பாரம் ஏறினால் என்ஜின் திணறும். சின்னப் பிட்ச் கீழ் கியர் மாதிரி. பாரத்தை இழுக்கும். ரொம்பச் சின்னதாகிவிட்டால், காலிப் படகில் என்ஜின் அளவுக்கு மேல் சுற்றிக் கத்தும்.

திணறினால் என்ன ஆகும்? ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்தாகிவிட்டது, பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கிறது, ஆனால் சுற்று ஏறவில்லை. பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் பாரம், சூடு கூடும், உள்ளே கரி படியும். மெதுவாகத்தானே சுற்றுகிறது, என்ஜினுக்கு நல்லதுதானே என்று பலர் நினைக்கிறார்கள். மலையேறும் வண்டியை டாப்பிலேயே ஓட்டுகிற டிரைவரும் அப்படித்தான் சொல்வார். என்ஜின் தலையைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

மாப்பிள்ளை கேட்ட கேள்வி நல்ல கேள்வி. “பிட்ச் குறைச்சா வேகம் குறையாதுங்களா மாமா?”

“கணக்குப் போட்டுப் பார்க்கலாங்க” என்றேன். பேப்பரை எடுத்தார். என்ஜின் சுற்றைப் பிட்ச்சால் பெருக்கி, கியர் விகிதத்தாலும் 1,056 என்ற எண்ணாலும் வகுத்தால், வழுக்கல் இல்லாத வேகம் மணிக்கு இத்தனை மைல் என்று வரும். ஒரு மைலுக்கு 63,360 அங்குலம், அதை 60 நிமிஷத்தால் வகுத்தால் 1,056. இதில் மந்திரம் ஒன்றுமில்லை. எங்கள் என்ஜினின் கீழ்ப்பெட்டியில் கியர் விகிதம் 2.33. அதாவது என்ஜின் 2.33 சுற்று சுற்றினால் விசிறி ஒரு சுற்று.

கணக்கு மட்டும் போதாது, ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் வேறு கோளாறு இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். டிப்போவில் முதல் பாடமே அதுதான், நோய் ஒன்று இருக்க மருந்து வேறு கொடுக்காதே. ஸ்பார்க் பிளக் பார்த்தேன், சுத்தம். கைப்பிடியை முழுக்கத் தள்ளும்போது கேபிள் கடைசி வரைக்கும் இழுக்கிறதா என்று பார்த்தேன், இழுத்தது. விசிறி இலைகளில் வளைவோ நெளிவோ இல்லை. குழாய்களின் அடியில் பாசி இல்லை.

அடுத்த வாரம் காற்று இல்லாத ஒரு காலையில் இரண்டு சோதனை. முதலில் நானும் மாப்பிள்ளையும் மட்டும். போனில் ஜி.பி.எஸ். வைத்து வேகம் பார்த்தோம். 5,100 சுற்று, 20 மைல். இலக்குக்குள் வந்துவிட்டது! அப்போதுதான் எனக்கு விளங்கியது. விற்ற அந்தத் தம்பதி செய்ததில் தப்பே இல்லை. அவர்கள் இரண்டே பேர். சாயங்காலம் காற்று வாங்கப் போய்வந்தார்கள். அவர்களுக்கு 13 சரியான விசிறி. படகோடு சேர்த்து அவர்களுடைய வாழ்க்கைக்கு ஏற்ற கியரையும் நாம் வாங்கிவிட்டோம், அவ்வளவுதான்.

பிறகு நண்பர் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு, கரைக்குப் பக்கத்திலேயே, பத்துப் பேரோடு ஓட்டினோம். 4,600 சுற்று, 15 மைல். கணக்குப்படி 24 மைலுக்கு மேல் வர வேண்டியது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீரில் வழுக்கிப் போகிறது.

பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் சுற்று 150 முதல் 200 வரை ஏறும் என்பது பொதுவான கணக்கு. பத்துப் பேர் இருக்கும்போது 5,000-ஐத் தாண்ட வேண்டும். இரண்டு பேர் இருக்கும்போது 6,000-ஐத் தாண்டக் கூடாது. நான் முதலில் 9 போடலாம் என்றேன். மலை வண்டிக்காரன் புத்தி, இழுவைதான் முக்கியம். மாப்பிள்ளை கணக்குப் போட்டுப் பார்த்து, “நாலு அங்குலம் குறைச்சா, ரெண்டு பேர் போறப்ப ஆறாயிரத்தைத் தொட்டுடும் மாமா. பத்து போடலாம்” என்றார். அவர் சொன்னதுதான் சரி. மருமகனிடம் தோற்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

எவர்சில்வர் விசிறியும் கிடைக்கிறது, விலை அதிகம். நாலு இலை விசிறியும் உண்டு. பாரம் ஏற்றினாலும் தண்ணீரை நன்றாகப் பிடிக்கும், ஆனால் அதே பிட்ச்சில் மூன்று இலையைவிடச் சுற்று கொஞ்சம் குறையும். எங்களுக்குச் சாதாரண அலுமினியம், மூன்று இலை, 14-க்கு 10 போதும் என்று முடிவு செய்தோம். நூற்றைம்பது டாலர் அளவில் ஆயிற்று.

மாட்டியது நான்தான். சாவியை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். விசிறியில் கை வைக்கும்போது என்ஜின் தவறியும் கிளம்பக் கூடாது. இலைக்கும் மேல்தகட்டுக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையை வைத்து, நட்டைக் கழற்றி, பழையதை உருவினேன். தண்டில் மீன்பிடி நரம்பு ஏதும் சுற்றியிருக்கிறதா என்று பார்த்தேன். அது உள்ளே போனால் ஆயில் சீலை அறுத்துவிடும். துடைத்து, கிரீஸ் தடவி, உள்ளே இருந்த வாஷரை அதே திசையில் போட்டு, புதியதை ஏற்றி, கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்கி, பூட்டுத் தகட்டை மடக்கிவிட்டேன். மாப்பிள்ளை பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார். டிப்போவில் எனக்குக் கீழே வேலை பழக வந்த பையன்கள் நினைவுக்கு வந்தார்கள்.

மறுபடியும் பத்துப் பேர். கைப்பிடியைத் தள்ளியதும் சத்தம் மாறியது. முனகல் இல்லை, சீராக ஏறியது. 5,200 சுற்று. வேகம் 16 மைல். பிட்ச் குறைந்தது, வேகம் ஒரு மைல் கூடியது! மாப்பிள்ளை போனைத் தட்டித் தட்டிப் பார்த்தார். வழுக்கல் கால் பங்காகக் குறைந்திருந்தது. இரண்டு பேரோடு ஓட்டினால் 5,800 சுற்று, 19 மைல். அங்கே ஒரு மைல் நஷ்டம். அந்த ஒரு மைலைத்தான் கொடுத்து இழுவையை வாங்கியிருக்கிறோம்.

“அதோட ஒண்ணுங்க மாப்ள” என்றேன். “விசிறி மாத்திட்டோம்னு மேகத்தோட போட்டி போட வேண்டாம். கறுக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே திரும்பிடணும்.” அவர் தலையாட்டினார். முதல் நாளே எனக்குத் தெரியும் என்பதையும் அன்றைக்குத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இனிமே உடனே சொல்லிடுங்க மாமா. எனக்கு அப்பா இருந்திருந்தா சொல்லியிருப்பார்” என்றார். அதற்கு மேல் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகள் வீட்டுக்குப் போனால் எதிலும் தலையிடாமல் இருப்பதுதான் மரியாதை என்று நாம் பேசிக்கொள்கிறோம். சமையலுக்கும் சம்பளத்துக்கும் அது சரி. பேரன் பேத்தி ஏறுகிற வண்டி என்றால், தெரிந்ததைத் தெரிந்த அன்றே சொல்லிவிடுங்கள். கேட்பதும் கேட்காததும் அவர்கள் பாடு.

பழைய 13 விசிறியை மாப்பிள்ளை தூக்கிப் போடவில்லை. படகிலேயே இருக்கைக்கு அடியில், நட்டும் ஸ்பேனரும் சேர்த்து, ஒரு துணியில் சுற்றி வைத்திருக்கிறார். பாறையில் பட்டு ஒன்று உடைந்தால் மெதுவாகக் கரை சேர இன்னொன்று ஆகும். போன மாதம் மகள் போன் பண்ணியபோது பின்னால் படகுச் சத்தம் கேட்டது. பேச்சை நிறுத்திவிட்டு அதைத்தான் கேட்டேன். சுற்று நன்றாக ஏறியிருந்தது.